எந்த மக்கள்? – ஸ்காட்லாந்து வரலாற்று நூல்களில் தேர்வும் அரசியலும்

டி.சி. ஸ்மவுட் எழுதிய 'எ ஹிஸ்டரி ஆஃப் த ஸ்காட்டிஷ் பீப்பிள், 1560–1830' 1969-ல் வெளிவந்தது. தலைப்பிலேயே ஒரு சண்டை இருந்தது. அதுவரை ஸ்காட்லாந்து வரலாறு என்று கடைகளில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை வாலஸ், புரூஸ், மேரி ராணி, தலைமறைவாகத் திரிந்த இளவரசர் சார்லி ஆகியோரின் கதைகள். அதை விட்டால் திருச்சபைக்குள் நடந்த ஓயாத வழக்குகள். டாம் ஜான்ஸ்டன் போன்ற சோஷலிசப் பத்திரிகையாளர்கள் 1920களின் தொடக்கத்திலேயே உழைக்கும் வர்க்க வரலாறு ஒன்றை எழுத முயன்றிருந்தார்கள். ஆனால் பல்கலைக்கழகத்திற்குள்ளிருந்து ஒருவர் வந்து, ராஜாக்களை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, குடியானவன் என்ன தின்றான், எத்தனை பிள்ளைகள் பிழைத்தன, பள்ளிக்கூடம் யாருக்குக் கிடைத்தது என்று நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு எழுதியது வேறு விஷயம்.

ஸ்காட்லாந்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும், எதிலிருந்து தொடங்கலாம் என்று நம் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நிலப்பறிப்பு, குடிவெளியேற்றம் பற்றிய வேலைகளில் இருப்பவர்கள் அவர்கள். ஒரு நூலை மொழிபெயர்க்கும் எண்ணமும் உண்டு. ஆகவே இது வெறும் படிப்பாளியின் புத்தகப் பட்டியல் சமாச்சாரம் இல்லை. ஒரு புத்தகத்தைத் தமிழுக்குக் கொண்டுவருவது என்பது அந்தப் புத்தகம் 'மக்கள்' என்று எவரைச் சொல்கிறதோ அவர்களை நம்முடைய வாசகருக்கு ஸ்காட்லாந்தின் மக்களாக ஆக்கிவிடுவது. மற்றவர்கள் இருந்த சுவடே இல்லாமல் போய்விடுவார்கள். எனவே ஒவ்வொரு நூலிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் வைக்கிறேன்: இதில் மக்கள் என்பது யார்?

ஸ்மவுட்டிடம் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. அவர் சமூகத்தைப் படிநிலைகளாகப் பிரித்துக்கொள்கிறார்: குடியானவர், நிலவுடைமையாளர், நடுத்தர வர்க்கம், ஆலைத் தொழிலாளர் என்று. 1755-ல் அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்கிற பாதிரியார் எடுத்த கணக்குப்படி ஸ்காட்லாந்தின் மொத்த ஜனத்தொகை ஏறக்குறைய 12,65,000. இந்தப் பன்னிரண்டரை லட்சம் பேரும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் அவருடைய அக்கறை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படிக்கிறவர்களுக்கு 'ஸ்காட்லாந்து அறிவொளிக் காலம்' என்ற சொல் நாக்கில் கசக்கும். 1606-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சுரங்கத் தொழிலாளியையும் உப்பளத் தொழிலாளியையும் முதலாளியோடு கட்டிப்போட்டது. சுரங்கத்தை விற்றால் ஆளும் சேர்ந்தே கைமாறுவான். இந்தக் கொத்தடிமை நிலையை 1775-ல் ஒரு சட்டம் பாதி அவிழ்த்தது. முழுதாக அவிழ்க்க 1799 வரை ஆயிற்று. ஆடம் ஸ்மித் 'நாடுகளின் செல்வம்' எழுதி முடித்து 1776-ல் வெளியிட்டபோதும் அவர் பிறந்த ஃபைஃப் வட்டாரத்துச் சுரங்கங்களில் மனிதர்கள் சட்டப்படி கட்டுண்டுதான் கிடந்தார்கள்.

ஆனால் இந்தப் புத்தகத்தின் மக்கள் பெரும்பாலும் எண்ணிக்கைகளாகவே இருக்கிறார்கள். விலைவாசி, விளைச்சல், பிறப்பு இறப்பு என்று அவர்களைச் சுற்றி எல்லாம் அசைகிறது. அவர்கள் வாய் திறப்பது அபூர்வம். மேட்டுநிலங்களான ஹைலாண்ட்ஸ் பற்றிய பகுதியில் இது பெரிய சிக்கலாகிவிடுகிறது. ஜனத்தொகை பெருகியது, உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்தார்கள், 1815-க்குப் பிறகு கடற்பாசிச் சாம்பல் வியாபாரம் படுத்தது என்று காரணங்கள் வரிசை கட்டும்போது, வீட்டுக் கூரைக்குத் தீ வைத்தவனின் கை கண்ணில் படாமல் போய்விடுகிறது. காரணங்கள் பொய்யில்லை. எனினும் காரணங்களின் மொழியில் எழுதும்போது செய்தவன் என்கிற எழுவாயே வாக்கியத்திலிருந்து கழன்று விழுந்துவிடுகிறது. இதன் தொடர்ச்சியாக ஸ்மவுட் 1986-ல் எழுதிய 'ஸ்காட்டிஷ் மக்களின் ஒரு நூற்றாண்டு' 1830 முதல் 1950 வரை வருகிறது. நகரச் சேரிகளின் வீட்டு நெருக்கடி பற்றி அதில் எழுதியிருப்பதில் முன்பில்லாத கோபம் தெரிகிறது. எனக்கு அதுவே இரண்டில் நெருக்கமானது.

எழுவாயைத் திருப்பிக் கொண்டுவந்தவர் என்று பலரும் ஜான் பிரெபிளைச் சொல்வார்கள். 'கல்லோடன்' (1961), 'ஹைலாண்ட் குடியகற்றங்கள்' (1963), 'கிளென்கோ' (1966) ஆகிய மூன்றும் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போன புத்தகங்கள். பிரெபிள் இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் ஸ்காட்டிஷ் குடியேறிகளுக்கு மத்தியில் வளர்ந்தவர், பத்திரிகையாளர், ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். பல்கலைக்கழக வரலாற்றாளர்கள் அவரைச் சட்டை செய்யவில்லை. அந்த அலட்சியத்தில் வர்க்கத் திமிர் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் எழுதினால் புகை நெடி நம் மூக்கில் ஏறும்.

ஆனாலும் தொடங்குகிறவர்கள் பிரெபிளில் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஏன் என்பதற்கு ஒரு மரணத்தை எடுத்துக்கொள்வோம். ஸதர்லாந்து சீமாட்டி எலிசபெத்தின் எஸ்டேட்டில் பாட்ரிக் செல்லர் என்று ஒரு காரியஸ்தர். 1814-ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடிகளை வெளியேற்றி வீடுகளை எரித்தபோது, படுக்கையிலிருந்த மார்கரெட் மக்கே என்ற கிழவி இறந்துபோனாள். மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில், ஆதித் திரட்டல் பற்றிய பகுதியில், இதைக் குறிப்பிடுகிறார். தியாகுவின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் நாம் படித்திருக்கிறோம். அங்கே கிழவி குடிசையை விட்டு வர மறுத்துத் தீயிலேயே கருகிப்போகிறாள். அந்தப் பள்ளத்தாக்குக்காரரான கல்தச்சர் டொனால்ட் மக்லியோட் தரும் விவரத்தில் அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். போர்த்தியிருந்த கம்பளியில் தீ பற்றியிருக்கிறது. ஐந்து நாள் கழித்துச் சாகிறாள். செல்லர் மீது வழக்கு நடந்தது. 1816 ஏப்ரலில் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில், பெரும்பாலும் நிலவுடைமையாளர்களும் அவர்களை அண்டியவர்களும் நிறைந்த ஜூரி அவரை விடுதலை செய்தது. பிறகு அவரே அந்த நிலத்தில் பெரிய செம்மறிப் பண்ணைக்காரர் ஆனார்.

தீயிலேயே செத்தாளா, ஐந்து நாள் கழித்தா? இதிலென்ன இருக்கிறது என்று நம் ஆட்கள் கேட்பார்கள். இருக்கிறது. எதிர்த்தரப்பு வரலாற்றாளன் முதலில் கை வைக்கிற இடம் இதுதான். 'பார், இவர்கள் ஊதிப் பெருக்குகிறார்கள்' என்று இந்த ஐந்து நாளைப் பிடித்துக்கொண்டு மொத்தக் குடியகற்றத்தையுமே கட்டுக்கதை ஆக்கிவிடுவான். எரிக் ரிச்சர்ட்ஸ் 1982-லும் 1985-லும் இரு பாகங்களாகக் கொண்டுவந்த நூலும், பிறகு 2000-ல் சுருக்கி எழுதியதும் இங்கேதான் உதவுகின்றன. எஸ்டேட் கடிதங்கள், கணக்குகள், நீதிமன்ற ஆவணங்கள் எல்லாவற்றையும் கிளறி, நிர்வாகிகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று காட்டுகிறார். நடுநிலை என்கிற பெயரில் அவர் சில இடங்களில் நிலப்பிரபுவின் கடன் சுமைக்காக ரொம்பவே உருகுகிறார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் செல்லரின் குற்றத்தைச் செல்லரின் எழுத்திலிருந்தே எடுத்துப் போடுவதற்கு இருக்கிற பலம் வேறு எதற்கும் கிடையாது.

மக்லியோட் பற்றி இன்னும் கொஞ்சம். அவர் 1840-41-ல் எடின்பரோ வாரப் பத்திரிகை ஒன்றில் கடிதங்களாகத் தன் சாட்சியத்தை எழுதினார். 1850களில் கனடாவுக்குப் போய்விட்டார். இதற்கிடையில் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் பிரிட்டனுக்கு வந்து, ஸதர்லாந்து மாளிகையில் விருந்துண்டு, திரும்பிப்போய் 1854-ல் 'அயல்நாடுகளின் வெயில் நினைவுகள்' என்ற பயண நூலை வெளியிட்டார். அதில் ஸதர்லாந்தில் நடந்தது மக்களை முன்னேற்றிய நல்ல காரியம் என்று எழுதியிருந்தார். அவரை உபசரித்த ஹேரியட் சீமாட்டி, குடிகளை விரட்டிய எலிசபெத்தின் மருமகள். அமெரிக்க அடிமை முறைக்கு எதிராகப் பிரிட்டிஷ் பெண்களைத் திரட்டிக்கொண்டிருந்தவர். மார்க்ஸ் 1853-லேயே இந்த வேடத்தைப் போட்டு உடைத்து ஒரு கட்டுரை எழுதினார். மக்லியோட் 1857-ல் கனடாவில் தன் கடிதங்களை நூலாக்கியபோது வைத்த தலைப்பு, 'இருண்ட நினைவுகள்'. அடிமைகளுக்காக அழுத ஒரு எழுத்தாளரின் கண்ணுக்கு அகற்றப்பட்ட குடிகள் தெரியவில்லை. ஒரு கல்தச்சர் கடல் கடந்துபோய், அந்தப் பெரிய பெயருக்கு எதிராகத் தன் சாட்சியத்தை அச்சடிக்கிறார். நம்முடைய எழுத்தாளர்கள் இதைத் தனியே எடுத்துப் படிக்க வேண்டும்.

இந்தச் சாட்சியக் குரலை முறையியலாக மாற்றியவர் ஜேம்ஸ் ஹன்டர். 1976-ல் வந்த அவருடைய 'க்ராஃப்டர் சமூகத்தின் உருவாக்கம்' எனக்கு இந்த வரிசையில் முதன்மையான நூல். க்ராஃப்டர் என்பவர் துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, போதாததற்குக் கடலிலோ பிறர் நிலத்திலோ உழைத்துப் பிழைக்கிற குடியானவர். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து விரட்டி, கடலோரத்துப் பாறை நிலத்தில் குந்தவைக்கப்பட்டவர்களின் பரம்பரை. எஸ்டேட் ஆவணங்களில் இவர்கள் ஒரு 'பிரச்சினை'. ஹன்டர் அவற்றோடு நிற்காமல் கேலிக் மொழிப் பாடல்கள், பத்திரிகைகள், விசாரணை வாக்குமூலங்கள் வழியாக அவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று எழுதினார். ஸ்கை தீவின் மாரி மோர் என்கிற மேரி மக்பெர்சன் நிலப்போராட்டக் கூட்டங்களில் பாடிய பாட்டுகள் இங்கே அலங்காரமாக வருவதில்லை, ஆதாரமாகவே வருகின்றன. ரணஜித் குஹாவும் தோழர்களும் விளிம்புநிலை ஆய்வுகளின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தது 1982-ல். அதற்கு ஆறு வருஷம் முன்னால் ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்பதை நம் கோட்பாட்டு அன்பர்கள் கவனிப்பதில்லை. ஹன்டர் எழுதியதோடு நிற்கவில்லை. 1980களில் க்ராஃப்டர்கள் சங்கம் அமைத்தபோது அதன் முதல் இயக்குநராகவும் இருந்தார்.

1882 ஏப்ரலில் ஸ்கை தீவின் பிரேஸ் ஊரில், மேய்ச்சல் உரிமைக்காகக் குத்தகை தர மறுத்த குடிகளைக் கைது செய்ய கிளாஸ்கோவிலிருந்து போலீஸ் போனது. பெண்களும் ஆண்களும் கல்லால் அடித்து எதிர்த்தார்கள். அடுத்த வருஷம் அரசாங்கம் ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தது. தலைவர் லார்டு நேப்பியர். இவர் யார் தெரியுமா? 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த அதே நேப்பியர். மெரினாவுக்குப் போகிற வழியில் கூவத்தின் மேல் நாம் தாண்டுகிற பாலம் அவர் பெயரில்தான் இருக்கிறது. கமிஷனில் நிலவுடைமையாளர்கள் இருந்தார்கள். ஒரு க்ராஃப்டர்கூட இல்லை. 1883 மே மாதம் பிரேஸில் முதல் சாட்சியாக வந்த ஆங்கஸ் ஸ்டூவர்ட், வாய் திறப்பதற்கு முன் ஒரு உறுதிமொழி கேட்டார்: நான் சொல்லப்போவதற்காக என்னை நிலத்திலிருந்து விரட்ட மாட்டீர்கள் என்று பண்ணை நிர்வாகம் வாக்குக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே பேசினார். இப்படித் தீவு தீவாகப் போய்ப் பதிவு செய்த வாக்குமூலங்கள் பல தொகுதிகளாக 1884-ல் அச்சாயின. 1886-ல் க்ராஃப்டர் சட்டம் வந்தது. நியாயமான வாரம், நிலைத்த குத்தகை, செய்த மேம்பாட்டுக்கு ஈடு. விரட்டப்பட்ட நிலம் மட்டும் திரும்பவில்லை.

ட்ரெவர்-ரோப்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983-ல் தொகுத்த 'மரபின் கண்டுபிடிப்பு' நூலில் அவர் எழுதிய கட்டுரையை நம் பக்கம் மேற்கோள் காட்டாதவர் இல்லை. இன்றைய வடிவக் கில்ட் பாவாடை 1720களில் ராலின்சன் என்கிற ஆங்கிலேய இரும்பாலை முதலாளி உண்டாக்கியது. குலத்துக்கொரு கட்டம் என்பது 1822-ல் ஜார்ஜ் மன்னரின் எடின்பரோ வருகைக்காக வால்டர் ஸ்காட் நடத்திய கூத்தோடு சூடுபிடித்தது. பெரும்பகுதி சரிதான். ஆனால் கட்டுடைப்பு என்றதும் கைதட்டிவிடுகிறோம். கட்டுடைப்பவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதில்லை. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றமே கூடாது என்று வாதாடிய கன்சர்வேடிவ் அவர். மக்களுடைய உடுப்பு போலி என்று நிரூபித்தால் அவர்களுடைய கோரிக்கையும் போலி ஆகிவிடும் என்பது அந்த எழுத்தின் உள்ளோட்டம். (போலிகளைப் பிடிப்பதில் வல்லவரான அவர்தான் அதே 1983-ல் ஹிட்லரின் போலி நாட்குறிப்புகளை அசல் என்று சான்றளித்தார் என்பது தனிக்கதை.) கில்ட் புதுசா பழசா என்பதற்கும், 1746-ல் கல்லோடனில் தோற்றவர்களுக்கு அந்த உடுப்பையே தடை செய்ததற்கும், பிறகு பிரிட்டிஷ் ராணுவ ரெஜிமெண்டுகளுக்கு மட்டும் அதை அனுமதித்ததற்கும் உள்ள உறவு அவருக்கு முக்கியமில்லை.

அந்த ரெஜிமெண்டுகள் எங்கே போயின என்பதில்தான் நம் கேள்வி கூர்மையாகிறது. குடியகற்றத்தின் கதையை மட்டும் படிக்கிறவர் ஸ்காட் என்றால் காலனியப்பட்டவர், நம் கூட்டாளி என்று நினைத்துவிடுகிறார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைக்குள் படையை நடத்திக்கொண்டு ஏறிய டேவிட் பேர்ட் ஸ்காட்லாந்துக்காரர். ஹைலாண்டர் படைகள் அந்தப் போரில் இருந்தன. பழங்கேலிக் காவியம் என்று 'ஒஸியன்' பாடல்களை 1760களில் உலகத்துக்கு விற்ற ஜேம்ஸ் மக்பெர்சன், பின்னாளில் லண்டனில் ஆற்காட்டு நவாபின் ஏஜெண்டாக இருந்து காசு பார்த்தார். 1781-ல் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஹெக்டர் மன்றோ, ஊர் திரும்பி, ராஸ்ஷயரில் ஃபைரிஷ் குன்றின் மேல் நாகப்பட்டினக் கோட்டை வாசலின் சாயலில் ஒரு நினைவுச் சின்னம் கட்டினார். வேலையில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பிழைப்புத் தருவதற்காகக் கட்டினாராம். அதே ராஸ்ஷயரில்தான் 1792-ல் குடியானவர்கள் பண்ணைகளுக்கு வந்த செம்மறி ஆடுகளை ஆயிரக்கணக்கில் ஓட்டிக்கொண்டு போய் வெளியேற்ற முயன்று, ராணுவத்தால் அடக்கப்பட்டார்கள். ரயத்துவாரி என்றதும் நினைவுக்கு வரும் தாமஸ் மன்றோவின் தகப்பனார் வர்ஜீனியாவோடு வியாபாரம் செய்து, அமெரிக்கப் போரில் நொடித்துப்போன கிளாஸ்கோ வணிகர். வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்ட உழைப்பு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் டாம் டெவைன் அவசியம். 'ஸ்காட்டிஷ் தேசம்' (1999) நல்ல பொது வரலாறு. அதைவிட முக்கியம் 2018-ல் வந்த 'ஸ்காட்டிஷ் குடியகற்றங்கள்'. வெளியேற்றம் மேட்டுநிலத்தின் தனிச்சொத்து இல்லை என்கிறார். தாழ்நிலத்தில் காட்டர்கள் என்ற ஒரு கூட்டம் இருந்தது. குடியானவனிடம் கொஞ்சம் நிலம் பெற்று அதற்கு ஈடாக அவன் வயலில் உழைத்தவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் இந்த வர்க்கமே துடைத்தெறியப்பட்டது. பாட்டு இல்லை, கலவரம் அநேகமாக இல்லை, பிரெபிளும் இல்லை. பக்கத்திலேயே ஆலை வேலை இருந்ததால் சத்தமில்லாமல் கரைந்துபோனார்கள். சத்தம் கேட்ட இடத்தில் மட்டும் கொடுமை நடந்ததாக எழுதுகிற நம் பழக்கத்துக்கு இது நல்ல அடி.

'புகையிலைப் பிரபுக்கள்' என்று 1975-ல் கிளாஸ்கோ வணிகர்களைப் பற்றி எழுதிய இதே டெவைன்தான், நாற்பதாண்டு கழித்து 2015-ல் ஸ்காட்லாந்தின் அடிமை வணிகக் கடந்தகாலம் பற்றிய கட்டுரைத் தொகுதியைக் கொண்டுவந்தார். 1833-ன் சட்டப்படி அடிமை உடைமையாளர்களுக்குப் பிரிட்டன் தந்த நஷ்டஈடு 2 கோடி பவுண்டு. அடிமைகளுக்கு ஒரு பென்னி இல்லை. வாங்கியவர்களில் ஒருவர் ஜான் கார்டன். மேற்குத் தீவுகளில் சவுத் யூயிஸ்ட்டையும் பாராவையும் விலைக்கு வாங்கி, 1851-ல் குடிகளை வலுக்கட்டாயமாகக் கப்பலேற்றியவர் அவர். லீத் துறைமுகத்தில் பிறந்த ஜான் கிளாட்ஸ்டன் பெரும் நஷ்டஈடு வாங்கியவர்களில் இன்னொருவர்; 1838-ல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைப் பிரிட்டிஷ் கயானாவுக்கு வரவழைத்தவரும் அவர்தான். ஆக, டொபேகோவின் கரும்புத் தோட்டத்துக் கணக்கும் பாரா தீவின் எரிந்த கூரையும் ஒரே பேரேட்டில் இருக்கின்றன. தலவாக்கலைப் பக்கம் ஹோலிரூட் என்றும், பூண்டுலோயாவில் டன்சினேன் என்றும் தேயிலைத் தோட்டங்களுக்குப் பெயர் வைத்தவர்களைப் பற்றிப் படிக்கிற மலையகத் தமிழருக்கு இதை நான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பொதுநூல்கள் எல்லாவற்றிலும் இன்னும் சிலர் வெளியே நிற்கிறார்கள். சூனியக்காரி என்று பிடிக்கப்பட்ட பெண்களுக்குக் கிறிஸ்டினா லார்னரின் 'கடவுளின் எதிரிகள்' (1981) படிக்க வேண்டும். 1563 சட்டத்திலிருந்து 1736-ல் அது நீக்கப்படும்வரை ஏறக்குறைய நாலாயிரம் பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். ஐரிஷ் கத்தோலிக்கக் கூலிகளை 1923-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபையே ஸ்காட்டிஷ் இனத்துக்கு ஆபத்து என்று அறிக்கை போட்டது. 'ஸ்காட்டிஷ் மக்கள்' என்கிற சொல்லுக்குள் அன்று அவர்கள் இல்லை. நாடோடிகளான டிராவலர் மக்களுக்கு பெட்ஸி வைட் 1979-ல் எழுதிய தன்வரலாறுதான் வாசல். பேராசிரியர் எவரும் எழுதித் தராததை அந்த அம்மாள் தானே எழுதினார்.

சரி, எதை மொழிபெயர்ப்பது? ஸ்மவுட் படிக்க வேண்டிய நூல், மொழிபெயர்க்க வேண்டியது அல்ல. அந்தப் பருமனைத் தூக்க நம் பதிப்பகங்களால் ஆகாது. டெவைனின் 2018 நூல் ஒரு வாசகர் வட்டத்தில் அத்தியாயம் அத்தியாயமாக உட்கார்ந்து பேச ஏற்றது. தமிழுக்கு ஹன்டர் வர வேண்டும். அதோடு ஒரு பின்னிணைப்பாக, நேப்பியர் கமிஷன் முன் சொல்லப்பட்ட வாக்குமூலங்களில் ஒரு முப்பது நாற்பதைத் தெரிந்தெடுத்துப் போடலாம். அச்சான தொகுதிகள் காப்புரிமை கடந்தவை.

ஒரே தொல்லை. ஆங்கஸ் ஸ்டூவர்ட் பேசியது கேலிக்கில். துபாஷி அதை ஆங்கிலத்தில் சொல்ல, எழுத்தர் அதைப் பதிவு செய்திருக்கிறார். அச்சில் இருப்பது அந்த ஆங்கிலம். பயம், நக்கல், சாடைப்பேச்சு எல்லாம் அதில் சலவை செய்யப்பட்டுத்தான் வந்திருக்கும். கேலிக் பாட்டுகளையாவது மூலம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். வாக்குமூலங்களுக்கு அந்த வழியும் இல்லை. அந்த எழுத்தருடைய வாக்கியத்தைத்தான் நாம் தமிழாக்கப்போகிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே அச்சடித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.